ஆதாரத்துக்கு ஒரு கிண்ணம்

ஆகஸ்ட் 4

சங்கவி இந்த டைரியைக் கொடுத்துவிட்டு சென்னைக்கு பஸ் ஏறினாள். என் மகனுடைய மகள், மனோதத்துவம் படிக்கிறாள், அதில் ஒரு புராஜெக்டாம். டைரி பழையது. 2019ஆம் வருஷம் உரக் கம்பெனிக்காரன் சும்மா கொடுத்தது. தேதி சரியாக இருக்கும், கிழமை பொருந்தாது. கிழமையை அடித்துவிட்டு எழுத வேண்டியதுதான்.

"அப்பத்தா, ஒரு ஆளப் பாத்த ஒடனே, பழகுறதுக்கு முன்னாடியே மனசுல ஒண்ணு தோணும்ல, இவங்க இப்படித்தான்னு? அத அப்படியே எழுது. திருத்தாத, ஒளிக்காத. தீபாவளிக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்றாள்.

"அதுக்கு என்னடி பேரு?"

"முன்முடிவு."

"எனக்கு அதெல்லாம் கெடையாது. முடிவுதான்."

விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

என் பெயர் சிட்டாள். வயது எழுபத்தொன்று. படிப்பு நாலாம் வகுப்பு, பர்மாவில் பெகு என்கிற ஊரில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். அறுபத்தைந்தில் கடையைப் பிடுங்கிக்கொண்டு எங்களைக் கப்பலேற்றினார்கள். திருச்சிக்கு வந்தோம். இப்போது உறையூரில் இந்தக் கீழ்த்தள வீடு என் பேரில் இருக்கிறது. மகன் ஓசூரில். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, கட்டடத்துக்கே தண்ணீர் மோட்டார் போட்டு நிறுத்துவது நான்தான். படிப்பு குறைவு என்றாலும் ஞாபகம் குறைவில்லை. கப்பலில் எங்களுக்குக் கொடுத்த சோற்றில் எத்தனை கல் இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

பழைய நோட்டில் இருந்த பட்டியலை இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் காப்பி எடுத்துக்கொண்டேன். நான் மன்னிக்காதவர்கள் பதினேழு பேர். அதில் ஒன்பது பேர் செத்துவிட்டார்கள். செத்தவர்கள் பெயரை நான் அடிப்பதில்லை. செத்தால் ஆயிற்றா?

ஆகஸ்ட் 6

எதிர் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் ஆறு வீடு. கீழே இரண்டு, என்னுடையதும் அதுவும். அந்த வீட்டுக்காரர் தோகாவில் வேலையாக இருக்கிறார், வாடகைக்கு விட்டிருக்கிறார். வந்தது இரண்டு பெண்பிள்ளைகள். ஒரு ஆட்டோ, இரண்டு பெட்டி, ஒரு மின்விசிறி. கண் சின்னது, மூக்கு சின்னது, முடி மட்டும் இடுப்பு வரை. மணிப்பூராம். தில்லைநகரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலையாம்.

சங்கவி, தோன்றியதை எழுதச் சொன்னாய். நாய் தின்பார்கள். கண்ட நேரத்தில் கண்டவன் வருவான். குப்பையைப் பிரித்துப் போட மாட்டார்கள். இதெல்லாம் தோன்றியது இல்லை, எனக்குத் தெரிந்தது. அதனால் உன் புராஜெக்டுக்கு உதவுமா என்று தெரியவில்லை.

மேல்வீட்டு ருக்மாங்கதன் படியில் நின்று பார்த்தார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர்.

"என்ன பெரியம்மா, சைனா ஒங்க வாசல் வரைக்கும் வந்துருச்சு போல!"

சிரித்தேன். என்னைப் பார்த்து இந்த ஊர் 'பர்மாக்காரி, பர்மாக்காரி' என்று சிரித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அது வேறு. நாங்கள் இந்தியாக்காரர்கள், மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்.

ஆகஸ்ட் 7

மோட்டார் போட்டேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். எதிர் வீட்டுக் குப்பை வெளியே இருந்தது. பிரித்துத்தான் போட்டிருந்தார்கள். புதிதில் எல்லாரும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 11

எதிர் வீட்டுப் பெண் ஒன்று கதவைத் தட்டி, "பாட்டி, உங்க கூரியர்" என்று ஒரு பொட்டலத்தை நீட்டியது. பார்த்தால் மேல்வீட்டுக் கோமதியின் பெயர். கோமதி ருக்மாங்கதனின் மனைவி. ஐம்பத்தைந்து வயது, தலைக்குச் சாயம், குட்டை. நான் நெட்டை, நரைத்த தலை.

"நான் கோமதியா? கண்ணு தெரியலயா ஒனக்கு?"

"சாரி பாட்டி. எல்லாம் பொடவ, எல்லாம் பொட்டு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

எனக்கு வந்ததே கோபம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாத கண் என்ன கண்? மனிதரை மனிதராகப் பார்க்க வேண்டாமா? பட்டியலில் பதினெட்டாவதாகச் சேர்க்கலாம் என்று டைரியை எடுத்தேன். ஆனால் வந்தது பெரியவளா சின்னவளா என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன.

ஆகஸ்ட் 19

திங்கட்கிழமை. பார்லருக்கு விடுமுறையாம், இரண்டும் வீட்டில் இருந்தன. பதினோரு மணிக்கு ஒரு நாற்றம்.

சங்கவி, நாற்றம் என்றால் சாதாரண நாற்றம் இல்லை. மீனை உப்பில் புதைத்து, மாதக்கணக்கில் மூடிவைத்துத் திறந்தால் வரும் நாற்றம். அதை அனலில் வாட்டியிருக்கிறார்கள். காய்ந்த மிளகாயையும் சுட்டிருக்கிறார்கள். மிளகாய் கொஞ்சம் கருகிவிட்டது, இன்னும் சீக்கிரம் இறக்கியிருக்க வேண்டும். பூண்டு போடவில்லை. பூண்டு போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

எவ்வளவு அநாகரிகம் என்று பார்ப்பதற்காக வாசலில் நின்றேன். சும்மா நிற்க முடியாதென்று வாசலைப் பெருக்கினேன். நாற்றம் போகவில்லை, மறுபடி பெருக்கினேன். ருக்மாங்கதன் இறங்கி வந்து, "என்ன பெரியம்மா, பெருக்குன எடத்தையே பெருக்குறீங்க?" என்றபோது மணி பன்னிரண்டேகால்.

ஆகஸ்ட் 26

மறுபடி திங்கட்கிழமை, மறுபடி அது. கேட்டுவிடுவது என்று போனேன்.

வீடு சுத்தமாக இருந்தது. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், நீ ஒளிக்காதே என்றாய். மோவாயில் மச்சம் இருப்பவள் பெரியவள், சனதோம்பி. மற்றவள் மேம்சா. அக்கா தங்கை இல்லையாம், ஒரே தெருவாம். ஊரில் கலவரம் வந்து அந்தத் தெருவே இப்போது இல்லையாம். ஆளுக்கு ஒரு பெட்டியோடு கிளம்பினார்களாம். எங்களுக்காவது கப்பலில் நாலு பெட்டி விட்டார்கள்.

"என்ன சமைக்கிற?"

"எரோம்பா, பாட்டி" என்றாள் மேம்சா. "உருளக்கெழங்கு, பீன்ஸ், மொளகா, ஙாரி. எல்லாம் மசிக்கணும்."

"ஙாரின்னா?"

"மீனு. எங்க ஊர்ல ஙா சொன்னா மீனு."

பெகுவிலும் ஙா என்றால் மீன்தான். எங்கள் அம்மா செய்தது ஙப்பி, இதே மாதிரி புதைத்துவைத்த மீன். இதை அவளிடம் சொல்லவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தேன். வெயில்.

சனதோம்பி ஜன்னலைப் பார்த்து, "நாத்தமா பாட்டி? சாரி. மூடிட்டுத்தான் சமைக்கிறோம்" என்றாள்.

"ஏன் மூடுற?" வாயில் வந்துவிட்டது. "மூடுனா உள்ளயே நிக்கும், அதச் சொன்னேன்" என்று சமாளித்தேன்.

வரும்போது ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஙாரி கேட்டு வாங்கி வந்தேன். சங்கத்தில் புகார் சொல்வதென்றால் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 28

ஆதாரத்தைச் சோதித்தேன். வாழையிலையில் மடித்து, தோசைக்கல்லில் வாட்டி, சுட்ட மிளகாய், சுட்ட பூண்டோடு அம்மியில் வைத்துத் தட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து. சுடுசோற்றில். வெள்ளரிக்காயோடு.

புதன்கிழமையில் நான் அரைவயிறுதான் சாப்பிடுவது வழக்கம். இன்று வழக்கம் தவறியது.

ஆகஸ்ட் 30

மறுபடி சோதித்தேன். ஒரு தடவை பார்த்து ஒன்றையும் முடிவு கட்டக் கூடாது என்று சங்கவிதான் சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பர் 1

பட்டியலில் முதல் இரண்டு பெயர் யார் என்று சங்கவி போனில் கேட்டாள். எழுதிவைக்கிறேன்.

அறுபத்தைந்து, ஆடி மாதம். பாலக்கரையில் ஒரு ஸ்டோரில் இருந்தோம். ஒரு கிணறு, ஏழு குடித்தனம். வீட்டுக்காரி குஞ்சம்மாள். இடது காதில் கல் விழுந்த தோடு. அம்மா பெகுவிலிருந்து ஒரு பீங்கான் சாடியில் ஙப்பி கொண்டுவந்திருந்தாள். அரிசி வாங்கவே தடுமாறிய நாளில் அந்தச் சாடிதான் எங்களுக்குக் குழம்பு, கூட்டு எல்லாம். பக்கத்து வீட்டுக் கனகவல்லி தினமும் சாயங்காலம் புழக்கடை வழியாக வருவாள். "அக்கா, அந்தத் தொவையல் துளி குடுங்க, மசக்கைக்கு நல்லா இருக்கு" என்று என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவாள். நான் பசியோடு பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆடி மூன்றாம் வெள்ளி. குஞ்சம்மாள் முற்றத்தில் எல்லாரையும் கூட்டினாள். "பர்மாக்காரங்க பொணத்தச் சமைக்கிறாங்களா? வீடு பூரா நாறுது" என்றாள். அம்மா கனகவல்லியைப் பார்த்தாள். குஞ்சம்மாளும் அவளைத்தான் கேட்டாள்: "பக்கத்து வீடு நீதானே, நீ சொல்லு." கனகவல்லி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "எனக்கு அந்த நாத்தம் தாங்கலக்கா" என்றாள். முந்தின நாள் சாயங்காலம்தான் சாப்பிட்டுவிட்டு விரலை நக்கினாள்.

அன்றே வீட்டைக் காலி செய்தோம். மழை. அம்மா சாடியைச் சாக்கடையில் கவிழ்த்துக் கழுவினாள். அதற்குப் பிறகு சாகும்வரை அதைச் சமைக்கவில்லை, பேசவும் இல்லை.

குஞ்சம்மாள் வீட்டுக்காரி, திமிர் பிடித்தவள், அவள் புத்தி அப்படி. கனகவல்லி அப்படி இல்லை. சாப்பிட்டவள். அதனால்தான் அவள் பெயர் மேலே, குஞ்சம்மாள் பெயர் அதற்குக் கீழே.

செப்டம்பர் 9

ஆதாரம் தீர்ந்துவிட்டது. மேம்சாவிடம் இன்னொரு கிண்ணம் வாங்கினேன். "பாட்டிக்குப் பிடிக்குமா?" என்று கண்ணை விரித்தாள். "மருந்துக்கு" என்றேன். என் முடியை அவளாகவே சீவிப் பின்னிவிட்டாள். இந்தப் பெண் மட்டும் அவர்களில் கொஞ்சம் வேறு மாதிரி. சனதோம்பியும் வேறு மாதிரிதான். ஆக இரண்டு பேர் விலக்கு.

செப்டம்பர் 18

படியில் கோமதி பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, எப்படித்தான் இருக்கீங்க அந்த நாத்தத்துல? முன்னாடி திங்கக்கெழமைதான் வந்துச்சு. இப்பப் பொதங்கெழமை, வெள்ளிக்கெழமையும்! வெள்ளிக்கெழமை வெளக்கேத்துற வீடுங்க இது. கொஞ்சமாச்சும் மட்டு மருவாத வேணாம்?"

கோமதி வீட்டில் சனிக்கிழமை தவறாமல் நெத்திலிக் கருவாடு. அது படியிறங்கி வரும்போது அதற்குப் பெயர் வாசனை.

"அந்தப் புள்ளைங்க பொதங்கெழம வேலைக்குப் போயிருமே" என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. போய்விட்டாள். கேட்டால்தானே சொல்ல முடியும்.

செப்டம்பர் 20

வெள்ளி. ஜன்னலை மூடிக்கொண்டு சமைத்தேன். சாம்பிராணி போட்டேன்.

செப்டம்பர் 25

மோட்டார் போட்டேன். ரேஷனில் பாமாயில் வரவில்லை. பதினொன்றரைக்கு ருக்மாங்கதன் ஒரு காகிதத்தோடு வந்தார். நான் அடுப்பை அணைத்து, சட்டியை மூடி, இரண்டு ஊதுவத்தி கொளுத்திவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

"பாருங்க பெரியம்மா, இப்பக்கூட வருது! கதவப் பூட்டிட்டு எப்படித்தான் நாற வைக்கிறாளுங்களோ. தோகாவுக்கு ஒரு மனு எழுதியிருக்கேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. ஆனா அந்த மனுஷன், 'எதிர்வீட்டுப் பெரியம்மா என்ன சொல்றாங்க, அவங்களுக்குத்தானே கஷ்டம், அவங்க சொன்னா நான் காலி பண்ணச் சொல்றேன்'ங்கிறார். எல்லாம் ஒங்க கைலதான் இருக்கு."

மனுவைப் படித்தேன். 'சகிக்க முடியாத துர்நாற்றம்' என்று இருந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது ருக்மாங்கதனுக்கு.

"நீங்க சொல்லுங்க பெரியம்மா, இருக்க முடியுதா இங்க?"

அவர் மூக்கு என் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. இங்கே ஐந்து வீட்டுக்காரர்களும் என்னைப் பெரியம்மா என்கிறார்கள். பர்மாக்காரி என்று ஒருவருக்கும் நினைவில்லை. அதற்கு எனக்கு ஐம்பத்தொன்பது வருஷம் பிடித்தது.

"எனக்கு அந்த நாத்தம் தாங்கல" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் மோட்டாரை நிறுத்தினேன். தொட்டி வழிந்திருந்தது.

செப்டம்பர் 26

ஒன்றும் விசேஷம் இல்லை.

செப்டம்பர் 27

ஒன்றும் விசேஷம் இல்லை. சாப்பாடு தயிரும் ஊறுகாயும்.

அக்டோபர் 1

இந்தப் பக்கத்தைச் சங்கவி படிக்கக் கூடாது. முன்பக்கத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தியிருக்கிறேன். செப்டம்பர் 25ஐயும் சேர்த்துத்தான்.

நேற்றுத் திங்கட்கிழமை. எதிர் வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. பதினோரு மணிக்கு இரண்டு பேரும் என் வாசலில் நின்றார்கள். அக்டோபர் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி தோகாவிலிருந்து போன் வந்திருக்கிறது.

மேம்சா அழுதிருந்தாள். "பாட்டி, நாங்க பொதன் வீட்ல இல்ல. வெள்ளி வீட்ல இல்ல. பார்லர் மேடம் கேளுங்க. நாங்க சமைக்கல. யாரு சமைக்கிறது?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அவள் அப்படி.

சனதோம்பி கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் அந்த ஜாடி. முழு ஜாடி.

"பாட்டி, இது நீங்க வச்சுக்கோங்க."

"எனக்கெதுக்கு? நீங்க போற எடத்துல வேணும்ல?"

"வேணாம் பாட்டி. இனி இது சமைக்க மாட்டோம். எந்த ஊர்லயும் வேணாம்."

கொடுத்துவிட்டுப் போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். திட்டியிருக்கலாம்.

ஜாடி அடுப்படியில் இருக்கிறது. பீங்கான் இல்லை, கண்ணாடி. சாக்கடையில் கவிழ்த்த சாடியை அம்மா எப்படிக் கழுவினாள் என்று எனக்கு நினைவிருக்கிறது. புளி போட்டு, சாம்பல் போட்டு, மறுபடி புளி போட்டு, ஏழு தடவை.

கனகவல்லிக்கு அன்று என்ன வயது இருக்கும்? இருபத்துமூன்று. நாலு மாதக் கர்ப்பம். புருஷனுக்கு நிலையான வேலை இல்லை, குஞ்சம்மாள் ஒரு சொல் சொன்னால் அவளும் தெருவில்தான். இதெல்லாம் எனக்கு அன்றே தெரியும். ஐம்பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் இதை நினைத்துப் பார்க்கவில்லை. என் வீடு என் பேரில் இருக்கிறது. என்னை யாரும் தெருவில் விட முடியாது. கனகவல்லிக்காவது ஒரு காரணம் இருந்தது.

இதற்கு மேல் எழுத இஷ்டமில்லை.

அக்டோபர் 5

மகன் போன் பண்ணினான். சளியா என்று கேட்டான். இல்லை என்றேன்.

அக்டோபர் 13

ஞாயிறு. இதைக் குண்டூசி இல்லாமல் எழுதுகிறேன்.

காலை பதினொரு மணிக்குச் சங்கக் கூட்டம். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள், என் அடுப்படி ஜன்னலுக்கு நேர் வெளியே. முதல் விஷயம், தரைத்தொட்டி கழுவுவது. இரண்டாவது, எதிர் வீட்டுக்கு இனிமேல் எப்படிப்பட்ட ஆளை வைக்கலாம் என்பது. ஞாயிற்றுக்கிழமை பார்லரில் கூட்டம் தாங்காது. அந்தப் பெண்கள் எட்டரைக்கே போய்விட்டார்கள். போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டேன். பூட்டு தொங்கியது.

நான் கூட்டத்துக்குப் போகவில்லை. ஜன்னல் இரண்டையும் திறந்தேன். வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன். ஜாடியில் பாதியை எடுத்து வாட்டினேன். முப்பது மிளகாய். பூண்டு ஒரு கைப்பிடி. என் வாழ்நாளில் இத்தனை ஙப்பி ஒரே வேளையில் வாட்டியதில்லை. பெகுவில் கல்யாண வீட்டில்தான் இப்படி.

தரைத்தொட்டிப் பேச்சு பாதியில் நின்றது. ருக்மாங்கதன் கத்துவது கேட்டது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! கூட்டம் நடக்கையிலயே! என்ன ஒரு நெஞ்சழுத்தம்!"

நாற்காலிகள் இழுபட்டன. எல்லாரும் முன்வாசலுக்கு வந்துவிட்டார்கள். ருக்மாங்கதன் எதிர் வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினார். தட்டிவிட்டுத்தான் பூட்டைப் பார்த்தார்.

"பூட்டியிருக்கு..."

"உள்ள வச்சுட்டுப் போயிருப்பாளுங்க" என்றாள் கோமதி.

"எத வச்சுட்டு? எரியுற அடுப்பையா?" என்றேன் நான். கையில் கரண்டியோடு என் வாசலில் நின்றேன். "இப்படித் திரும்புங்க. நாத்தம் இந்தப் பக்கம்."

திரும்பினார்கள். ருக்மாங்கதனின் மூக்கு முதலில் திரும்பியது, அப்புறம்தான் அவர்.

"என்ன பெரியம்மா, வெளையாட்டா?"

"பொதங்கெழமயும் நான்தான். வெள்ளிக்கெழமயும் நான்தான். நீங்க மனுவோட வந்த அன்னிக்கு அடுப்புல இருந்ததும் இதுதான். திங்கக்கெழம மட்டும்தான் அவங்க. அதுவும் ஜன்னல மூடிட்டு. பர்மாவுல எங்கம்மா செஞ்சது இது."

நான் காத்திருந்தேன். 'பிணத்தைச் சமைக்கிறாயா' என்று யாராவது கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்ல ஐம்பத்தொன்பது வருஷமாக வைத்திருந்தேன்.

கோமதிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அட, பர்மாச் சமையலா பெரியம்மா! சொல்லக் கூடாதா? அதான் பாத்தேன், இன்னைக்கு வாசன வேற மாதிரி இருக்கே, பசியக் கெளப்புதேன்னு."

"அதே மீனுதாண்டி. அவங்க ஜாடிதான்."

"இருந்தாலும் ஒங்க கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்குல்ல."

ருக்மாங்கதனும் சிரித்துவிட்டார். "வயசான காலத்துல ஏதோ வாய்க்கு ருசியா ஆசப்பட்டிருக்கீங்க. இதப் போயி யாராவது தப்பாச் சொல்லுவாங்களா?"

வைத்திருந்த பதிலுக்கு இங்கே வேலை இல்லை. திட்டினால் திட்டுவேன். இதற்கு என்ன செய்வது?

"அப்ப மனு?" என்றேன்.

"அது... அவங்க விஷயம் வேற பெரியம்மா."

"என்ன வேற? மனுவுல வேற என்ன எழுதியிருக்கு? 'சகிக்க முடியாத துர்நாற்றம்'னு எழுதியிருந்தீங்க. நல்லாப் படிச்சுட்டுத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். நாறுன வீடு இது. காலி பண்ண வேண்டியவ நான். தேதி சொல்லுங்க, மகனுக்குப் போன் போட்டு லாரி வரச் சொல்றேன்."

"என்ன பெரியம்மா இப்படிப் பேசுறீங்க..."

"தோகாவுக்குப் போன் போடுங்க. இப்பவே. எல்லாரும் கேக்குற மாதிரிப் போடுங்க."

போட்டார். வேறு வழி? நான் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனுஷன் அங்கிருந்து சிரிக்கிறார். "ஒங்க கொழம்பா பெரியம்மா? மொதல்லயே சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சே. அப்ப அந்தப் புள்ளைங்க இருந்துட்டுப் போகட்டும்."

கொழம்பு என்கிறார். அங்கிருந்தே மோந்து பார்த்தது போல.

எல்லாருக்கும் ஆளுக்கொரு உருண்டை சோற்றில் பிசைந்து கொடுத்தேன். ருக்மாங்கதன் இரண்டாவது உருண்டைக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். பட்டியலில் அவர் பெயரைப் பத்தொன்பதாவதாக எழுதிவிட்டேன். பதினெட்டாவது இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

சாயங்காலம் அந்தப் பெண்கள் வந்ததும் போய்ச் சொன்னேன். கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். மேம்சா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். சனதோம்பி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நிதானமாக நிமிர்ந்தாள்.

"பாட்டி, நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் அந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். பட்டியல் எழுதுகிற வழக்கம் அவளுக்கும் உண்டா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அக்டோபர் 14

திங்கள். மீதி ஜாடியைத் திருப்பிக் கொடுத்தேன். சனதோம்பி வாங்கி வைத்துக்கொண்டாள். பதினோரு மணிக்கு ஒன்றும் வரவில்லை. பருப்பு வேகும் வாசனைதான் வந்தது.

அக்டோபர் 21

திங்கள். வாசலைப் பெருக்கினேன். நாலு தடவை. பருப்பு.

அக்டோபர் 28

திங்கள். தீபாவளிக்கு மாவு அரைக்கப் போக வேண்டும், முழங்கால் விடவில்லை. பதினொன்றேகாலுக்கு வந்தது. மிளகாய் கருகவில்லை. இந்தத் தடவை பூண்டு போட்டிருக்கிறார்கள்.

கோமதி படியிறங்கி என் வாசலில் நின்றாள். கண்ணை மூடி இழுத்தாள்.

"என்ன பெரியம்மா, இன்னைக்கும் ஒங்க பர்மாச் சமையலா? தெருமுன வரைக்கும் தூக்குது வாசன!"

"எங்க வீட்டுல இன்னைக்கு ரசம்" என்றேன். "அது எதிர் வீடு."

கோமதி கண்ணைத் திறந்தாள். எதிர்க் கதவைப் பார்த்தாள். முந்தானை மூக்குக்குப் போயிற்று. "அதான பாத்தேன். என்னமோ ஒரு மாதிரி இருக்கேன்னு."

ஒரே மூச்சு, சங்கவி. இழுத்தபோது வாசனை, விட்டபோது நாற்றம். நீ கேட்டது இதுதானென்றால், கோமதியை வைத்து ஒரு பக்கம் எழுதித் தருகிறேன்.

ஆனால் வேறொருத்தியைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். பட்டியலில் கனகவல்லியின் பெயரை இன்னும் அடிக்கவில்லை. பதினெட்டாவது இடத்தை மட்டும் நிரப்பினேன். என் இனிஷியலோடு.

அப்புறம் கதவு தட்டுகிற சத்தம். மேம்சா ஒரு கிண்ணத்தை நீட்டினாள், சுடச்சுட. அவளுக்குப் பின்னால், அவர்கள் வாசலில், சனதோம்பி நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. நல்ல பெண். நானாக இருந்தாலும் இத்தனை சீக்கிரம் சிரித்திருக்க மாட்டேன்.

சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். டைரியிலிருந்து குண்டூசியை எடுத்தேன். நாளைக்குத் தைக்கிற துணிக்கு ஆகும்.

மோட்டார் போட வேண்டும்.